விடை: மைனஸ் ஆறு

ஸ்ரீவில்லிபுத்தூர்
29.12.2024

நவநீதம்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் போன் என் நம்பரை ஏற்பதில்லை. பள்ளியில் வேறொருவர் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசல் வரை வந்தேன். நீ மாடியில் நின்று பார்த்தாய், இறங்கி வரவில்லை. உன் நாய் கேட்டின் மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேராக நின்றது. ராஜபாளையத்தில் பிறந்த எதற்கும் என்மேல் இரக்கம் கிடையாது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரை மணி நேர பஸ் தூரத்துக்குத் தபால் போடுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகள் சேர்ந்து நடத்திய அரையாண்டுத் தேர்வில் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் நீ தயாரித்தது. கேள்வி ஒருவர், விடைக்குறிப்பு இன்னொருவர் என்ற வழக்கப்படி கீ நான் போட்டேன். ஒரு மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்வி: √−4 × √−9 எவ்வளவு? கீயில் 6 என்று எழுதினேன். எங்கள் பள்ளியில் பி பிரிவு எடுக்கிற பாண்டிசெல்வி என் கீயை ஒதுக்கிவிட்டு, −6 என்று எழுதிய பிள்ளைகளுக்கு மட்டும் மார்க் போட்டாள். மார்க் போனவர்களில் டிரஸ்ட் உறுப்பினர் ஒருவரின் பேரனும் உண்டு. அந்த ஒரு மார்க்கில் அவனுக்கு சென்டம் போயிற்று.

தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சார், நீங்க ஹெச்.ஓ.டி. கீ சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். பாண்டிசெல்வி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது அவள் சஸ்பெண்ட். ஜனவரி இருபதாம் தேதி டிரஸ்ட் கூட்டத்தில் நிரந்தரமாக நீக்கிவிடுவார்கள். அவள் புருஷன் விமல் உங்கள் ஊர் மில்லில் வேலை பார்க்கிறான், மில் பாதி நாள் ஓடுவதில்லை. மகள் எங்கள் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்பு, ஆசிரியை பிள்ளை என்பதால் கட்டணம் இல்லை. தாயை நீக்கினால் மகள் படிப்பும் போகும்.

நீ ஒரு வரி எழுதினால் போதும். வினாத்தாளில் அந்தக் கேள்வி அச்சுப்பிழை என்று. கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் ஒரு மார்க் கொடுத்துவிடுவார்கள். பேரனுக்கு சென்டம், பாண்டிசெல்விக்கு வேலை. யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

எத்தனையோ வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். அதை நினைத்தாவது எழுது.

ஸுந்தரராஜன்


ராஜபாளையம்
3.1.2025

திரு. ஸுந்தரராஜன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. பிழைகளைத் திருத்துவது என் தொழில், எனவே படித்தேன்.

வினாத்தாளில் அச்சுப்பிழை இல்லை. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பை நானே பார்த்தேன். பிழை உங்கள் கீயில் இருக்கிறது.

எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராது. அதனால் மைனஸ் நான்குக்கு வர்க்கமூலம் நம் சாதாரண எண்களில் கிடையாது. அதற்காக i என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அதை அதாலேயே பெருக்கினால் மைனஸ் ஒன்று. √−4 என்பது 2i. √−9 என்பது 3i. பெருக்கினால் ஆறு i வர்க்கம், அதாவது −6. நீங்கள் செய்தது என்ன? மைனஸையும் மைனஸையும் வர்க்கமூலக் குறிக்குள்ளேயே பெருக்கி 36 ஆக்கி, 6 என்று வெளியே எடுத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அந்தப் பாடத்தை நடத்தியவர்களுக்கு அது தெரியும்.

நீங்கள் நடத்தியதில்லை. ஏன் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன், நானும் உங்கள் பள்ளியில் இருந்தபோது, ஓர் ஆசிரியர் கூட்டம். இதே கலப்பெண்கள் பாடத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டதற்கு என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள். எனக்காக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். "இல்லாத எண்ணுக்கு எதுக்கு சார் இத்தனை நாளு?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அடுத்த மாதம் நான் வெளியே, அதற்கடுத்த மாதம் நீங்கள் ஹெச்.ஓ.டி.

பாண்டிசெல்வியைக் காப்பாற்ற என் பொய் தேவையில்லை. உங்கள் உண்மை போதும். "கீ தவறு, என் தவறு." எண்ணிப் பாருங்கள், ஒரு வரிகூட வராது.

இப்படிக்கு,
நா. நவநீதகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.1.2025

நவநீதம்,

'அவர்களுக்கு', 'நீங்கள்'. நல்லது. மரியாதையிலும் ஒருவனை அடிக்க முடியும் என்று உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கு எனக்கு விளங்கிவிட்டது. உன் கடிதத்துக்கு முன்பே விளங்கிவிட்டது. அன்று தாளாளர் அறையிலிருந்து வந்து, புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த விதியை ஒரு கட்டத்துக்குள் தனியாக அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் அந்தப் பக்கத்தை 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப் போயிருக்கிறேன். என்னிடம் படித்து எத்தனை பிள்ளைகள் 6 என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன், பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். இதைப் போய் டிரஸ்ட் முன்னால் சொல் என்கிறாய். சரி என்று ஒருமுறை சொன்ன வாயால் தப்பு என்று சொன்னால், 'அப்போ பொய் சொன்னீரா, இல்லை தெரியாதா?' என்று கேட்பார்கள். இரண்டில் எதைச் சொல்லட்டும்?

இன்னொன்றும் விளங்கிவிட்டது. கீ நான்தான் போடுவேன் என்பது உனக்குத் தெரியும். மூன்று வருடமாக நான்தான் போடுகிறேன். நான் அந்தப் பாடம் நடத்தாதவன் என்பதும் உனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நீ பிள்ளைகளுக்காகப் போடவில்லை. எனக்காகப் போட்டாய். வினாத்தாளில் ஒரு குழி வெட்டிவிட்டு, நான் வந்து விழுவேன் என்று காத்திருந்தாய். நான் விழுந்தேன். ஆனால் எனக்கு அடிபடவில்லை, அந்தப் பெண்ணுக்கு அடிபட்டிருக்கிறது.

அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

ஸுந்தரராஜன்


ராஜபாளையம்
10.1.2025

திரு. ஸுந்தரராஜன் அவர்களுக்கு,

அப்படித்தான்.

அந்தக் கேள்வியை உங்களுக்காகத்தான் போட்டேன். நான்கு விடைகளில் 6 என்பதை முதலாவதாகவும் வைத்தேன், நீங்கள் சிரமப்படக்கூடாது என்று. தட்டச்சு செய்யும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதினால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கீ தவறு என்று எல்லாப் பள்ளிகளிலிருந்தும் கடிதம் வரும், உங்களை நிற்க வைத்துக் கேட்பார்கள், யாராவது ஒருவர் சிரிப்பார் என்று நினைத்தேன். நினைத்தபடி நடக்கவில்லை. மற்ற பள்ளிகளில் எல்லோரும் உங்கள் கீயைப் பார்த்து அப்படியே மார்க் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இத்தனை பள்ளிகளில் ஒரே ஒருத்திக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. அவளைத்தான் நீங்கள் பிடித்துக் கொடுத்தீர்கள்.

கேள்வி கேட்பது குற்றம் இல்லை. சரியான கேள்வி. தப்பான பதிலைச் சரி என்று சொன்னதுதான் குற்றம். குழி வெட்டினேன் என்கிறீர்கள். கலப்பெண்கள் தெரிந்த எவனும் அதைத் தரை என்று நினைத்து நடந்து போயிருப்பான்.

பொய்யா, தெரியாதா என்று கேட்டால் எதைச் சொல்ல என்கிறீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். உண்மை அதுதான். தெரியாது என்று ஒரு கணக்கு வாத்தியார் சொல்லி நான் கேட்டதே இல்லை. நீங்கள் ஆரம்பித்து வையுங்கள்.

நவநீதகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.1.2025, போகி

நவநீதம்,

ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு உற்சவம் முடிந்தது. எட்டு நாளும் போனேன். ஒரு நாள் தேர் நிற்கும் இடத்தில் பாண்டிசெல்வி எதிரே வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. எப்போதும் எங்கே பார்த்தாலும் "சார், சாப்டாச்சா?" என்பாள். அன்றைக்குப் பால்கோவா கடைக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அந்தச் சின்னப் பெண் மட்டும் திரும்பி, "யம்மா, ஒங்க ஹெச்.ஓ.டி. சாரு" என்று காட்டியது. "தெரியும், நீ வாட்டி" என்றாள். அதை நான் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

நீ ஜெயிக்க வேண்டும், அதற்கு நான் மண்டிபோட வேண்டும். நான் மண்டிபோடும் வரை அவள் தெருவில் நிற்க வேண்டும். இதுதானே உன் கணக்கு? உன்னிடம் இனி எதுவும் கேட்கமாட்டேன்.

ஸு


ராஜபாளையம்
17.1.2025

திரு. ஸுந்தரராஜன் அவர்களுக்கு,

பொங்கல் விடுமுறையால் உங்கள் போகிக் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. தெரிவிப்பதற்காக எழுதுகிறேன்.

மாட்டுப்பொங்கலன்று பாண்டிசெல்வியின் புருஷன் விமல் என் வீட்டுக்கு வந்தான். கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்துவிட்டான். நாய் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் பத்தாவதுதான். எனக்கு ஒண்ணும் வெளங்காது. அந்தக் கேள்விக்கு பதில் மைனஸ் ஆறுன்னு எம் பொண்டாட்டி சொல்லுதா. நீங்களும் அதான் சொல்லுதீகளாமே?"

"ஆமா."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சொல்லுறது சரிதான். சரின்னு வச்சுக்கிட்டு எம் பிள்ளைக்கு எந்த ஸ்கூல்ல பீஸ் கட்டுறது?"

நான் அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். அச்சுப்பிழை என்று எழுதினால் அது பொய், உண்மையைச் சொல்ல வேண்டியவர் ஸுந்தரராஜன் சார் என்று. கடைசி வரை பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க சொல்லுறது புரியுது சார். அவரு எழுதட்டும்னு நீங்க இருக்கீங்க. நீங்க எழுதட்டும்னு அவரு இருக்காரு. ரெண்டு பேரும் பெரிய மனுசங்க, எம்புட்டு நாளும் இருப்பீங்க. எங்களுக்கு இருபதாம் தேதி வரைக்கும்தான் இருக்கு."

அவன் நின்றுகொண்டிருக்கும்போதே எழுதினேன். வினா எண்ணைக் குறிப்பிட்டு, அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது, வினாவை ரத்து செய்யலாம், பொறுப்பு முழுவதும் வினாத்தாள் தயாரித்த என்னுடையது என்று. கையெழுத்துப் போட்டு அவனிடமே கொடுத்தேன். விடுமுறையிலும் உங்கள் பள்ளி அலுவலகம் திறந்திருந்ததாம், நேராக அங்கே கொடுத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினான்.

இதை உங்களுக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். நீங்கள் நன்றி சொல்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

என் வாழ்க்கையில் தப்பான கணக்கு ஒன்றின் கீழே இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது போட்டிருக்கிறேன். நீங்கள் கேட்டதற்காக இல்லை. திருப்தியாக இருங்கள்.

நவநீதகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.1.2025

நவநீதம்,

நீ ஜெயித்துவிட்டாய். காலையில் பள்ளிக்குப் போய்த் தாளாளர் இல்லாததால் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். நீ சொன்ன மாதிரி ஒரு வரியில் முடியவில்லை, ஒரு பக்கம் ஆயிற்று. வினா சரி. அதில் எந்தப் பிழையும் இல்லை. என் கீ தவறு. அன்று சரி என்று சொன்னது தெரியாமல் சொன்னது. பாண்டிசெல்வி செய்ததே சரியான மதிப்பீடு. இப்படி.

'தெரியாது' என்று எழுதும்போது பேனா நின்றது. அப்புறம் ஓடிவிட்டது. ஆச்சரியம், வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன். உன் போன்தான் என் நம்பரை ஏற்காதே. தபால் போய்ச் சேருவதற்குள் கூட்டமே முடிந்துவிடும். பரவாயில்லை. இருபதாம் தேதிக்குப் பிறகு நல்ல செய்தியாகவே எழுதுகிறேன்.

ஸுந்தரராஜன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.1.2025

நவநீதம்,

உன் 17-ஆம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. கூட்டம் நேற்றே முடிந்துவிட்டது.

எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பாண்டிசெல்வி என்னோடு பேசினாள், நான் கடிதம் கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. "டென்ஷன் ஆகாதீங்க சார், தண்ணி குடிங்க" என்றாள். எனக்கு அவள் தைரியம் சொன்னாள்.

உள்ளே போனதும் தாளாளர் இரண்டு காகிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். உன் எழுத்தை எனக்குத் தெரியாதா?

இரண்டையும் சத்தமாகப் படித்தார். "கேள்வி போட்டவரு கேள்வி தப்புங்காரு. பதில் போட்டவரு கேள்வி சரி, பதில் தப்புங்காரு. ஒரே வாரத்துல ரெண்டு கடுதாசி. ரெண்டுல ஒண்ணு பொய். எது சார் பொய்?" என்றார். உன் கடிதம் பொய் என்று சொன்னால் உன்னைக் காட்டிக் கொடுப்பேன், மறுபடியும். சொல்லாவிட்டால் என் கடிதம் பொய்யாகும். நின்றேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னேன். நேற்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பேரனுடைய தாத்தா சிரித்தார். "டீச்சரம்மாவைக் காப்பாத்த ரெண்டு வாத்தியாரும் ஆளுக்கொரு கதை எழுதிக் குடுத்திருக்காக. முன்கூட்டிப் பேசி வச்சு ஒரே கதையா எழுதப்படாதா?"

தாளாளர் அவளுக்கு ஒரு வழி விட்டார். "ஏம்மா, கேள்வில அச்சுப்பிழைன்னு நீயும் எழுதிக் குடுத்திரு. ரத்துப் பண்ணிட்டு வேலைக்கு வா. முடிஞ்சு போச்சு." அவள் உன் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுல பிழையே இல்லையே சார். கேள்வி சரியாத்தான் இருக்கு" என்றாள்.

நீக்கிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொதுத்தேர்வு வரை வேறு ஆள் இல்லையாம், நானே ஹெச்.ஓ.டி.யாக இருக்க வேண்டுமாம். உன் பெயரை வினாத்தாள் தயாரிப்பவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என் கடிதம் மட்டும் போயிருந்தால் போதும். உன்னுடையது மட்டும் போயிருந்தாலும் போதும்.

ஸுந்தரராஜன்


ராஜபாளையம்
27.1.2025

ஸுந்தரம்,

இது கடைசிக் கடிதம். அதனால் பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

பதினெட்டு வருடமாக நான் வளையாதவன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே இன்னும் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். நீயும் பதினெட்டு வருடமாக இருந்த மாதிரியே இருந்திருந்தால் அப்போதும் தப்பியிருக்கும். இருவரும் ஒரே வாரத்தில் நல்லவர்களானோம். உன் கீயைவிடப் பெரிய தவறு இது. யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று பாண்டிசெல்வி வந்தாள். விமல் தெருவில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். வத்திராயிருப்பில் ஒரு பள்ளி எனக்குத் தெரிந்தவர்களுடையது, சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு சார்? நீங்க அச்சுப்பிழை வாத்தியாருன்னு எல்லா ஸ்கூலுக்கும் தெரிஞ்சு போச்சு. ஒங்க கையெழுத்தோட போனா நானும் அந்தக் கூட்டம்னு நெனைப்பாக."

"ஸுந்தரராஜன் தருவார்."

"அவரும் தாரேன்னாரு. கீ தப்பாப் போட்டவரு நல்ல டீச்சர்னு எழுதிக் குடுத்தா வேலைக்கு எவன் சேப்பான்?" சிரித்தாள். கோபமாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

செட்டியார்பட்டியில் தன் வீட்டில் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கப் போகிறாளாம். வாய்ப்பாடு, பின்னம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரமாட்டார்கள், நீக்கப்பட்டவள் என்று பேச்சாகிவிட்டது. மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். வந்த காரியம் வேறு. ஒரே ஒரு கேள்வி கேட்க வந்தாள்.

"கேள்வி சரின்னு தெரிஞ்சும் ஏன் சார் அச்சுப்பிழைன்னு எழுதுனீங்க?"

"உனக்காகத்தாம்மா. விமல் வந்து கேட்டாரு. என்னால மறுக்க முடியல."

அவள் தெருவைப் பார்த்தாள். அவன் வண்டிக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"அவருக்குக் கணக்குத் தெரியாது சார்" என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்ல."

படியிறங்கிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

நீ பதில் எழுதாதே.

நவநீதம்